கடைசியாக வந்தவர்

நார்வே நாட்டின் நெடுந்தூரப் பனிச்சறுக்குப் போட்டிப் பருவம், வழக்கமாக நவம்பரில் பைட்டோஸ்டோலன் என்னும் மலையூரில் தொடங்குகிறது. அந்த வார இறுதியொன்றில் நானும் பார்வையாளனாக நின்றிருந்தேன்.

பனியில் இயந்திரம் பதித்த இணைத் தடங்களில், அரை நிமிடத்துக்கு ஒருவராக வீரர்கள் புறப்பட்டனர். முந்துபவர் யாரென்று கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கடிகாரமே தீர்ப்புச் சொல்கிறது. வென்றவர் பெயரை அறிந்ததும், குளிர் தாங்காமல் திரும்ப எண்ணினேன். அருகில் நின்ற முதியவர், "இன்னும் ஒருவர் வர வேண்டும்" என்றார்.

1998இல் நாகானோ ஒலிம்பிக்கின் 10 கிலோமீட்டர் போட்டியில் தங்கம் வென்ற நார்வே வீரர் பியோர்ன் டேலி, கடைசியாக வந்த கென்ய வீரர் பிலிப் போயிட்டுக்காக முடிவுக் கோட்டருகே காத்திருந்து அவரைத் தழுவிக்கொண்டார். நெகிழ்ந்த போயிட், பின்னர்த் தம் மகனுக்கு டேலி என்றே பெயரிட்டார்.

எனக்கோ வேறொரு நினைவு வந்து உறுத்தியது. என்னை வழியனுப்ப முதிய தாயார் தெருமுனையிலிருந்து மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தார். நேரமாயிற்றென்று நான் பேருந்தில் ஏறிவிட்டேன். மறுமுறை வழியனுப்ப அவர் இல்லை.

வெண்பனியில் ஒரு கரும்புள்ளி தோன்றி, மெல்ல மனித உருவாயிற்று. என் விரல்கள் விறைத்திருந்தன. ஆயினும் அவர் கோட்டைக் கடக்கும்வரை கைதட்டினேன்.