சாதுவான உடும்பு

அமெரிக்காவில் இருக்கும் என் நண்பர் உடும்பு வளர்க்கிறார். நம்மூர் உடும்பு அல்ல, அதற்குப் பங்காளி முறையாகும் சவன்னா உடும்பு. செனகல் தொடங்கி எத்தியோப்பியப் பக்கம் வரை, சகாராவுக்குத் தெற்கே கிடக்கும் புல்வெளிகள்தான் அதன் சொந்த ஊர்.

அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு எட்டடி நீளப் பெட்டி இருந்தது. உள்ளே இரண்டடி ஆழத்துக்கு ஈரமண். உடும்பைக் காணோம். வெகுநேரம் கழித்து வளை வாசலில் பிளந்த நாக்கு ஒன்று வந்து காற்றைத் துழாவியது. பின்னாலேயே கல்மாதிரியான தலை, கொழுத்த கழுத்து, மண் அப்பிய முன்னங்கால் நகங்கள். நான் சற்று நகர்ந்ததும் தொண்டையை உப்பிச் சீறிவிட்டு, வந்த வழியே உள்ளே போய்விட்டது. "நல்லா இருக்கான்" என்றார் நண்பர், பெருமையாக.

கடைகளில் இதே பிராணியை "ரொம்ப சாது" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கில் குஞ்சுகள் ஏற்றுமதியாகின்றன. முட்டை சுமக்கும் பெட்டைகளைக் காட்டில் பிடித்து, இட்ட முட்டைகளைப் பொரிக்க வைத்து அனுப்புவதும் உண்டு. குஞ்சின் விலை குறைவு. அதற்கான பெட்டி, மண், விளக்கு, மின்கட்டணம் எல்லாம் அப்புறம்தான் தெரியவரும். 'உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்' என்ற நிலைக்குப் பலர் வந்துவிடுகிறார்கள்.

கானாவில் இவற்றை ஆராய்ந்தவர் டேனியல் பென்னட். குஞ்சுகள் அங்கே மண்ணில் வளை தோண்டி வாழும் பெரிய பூச்சிகளின் வளைகளில் ஒதுங்குகின்றன. அந்தப் பூச்சிகளையே தின்னவும் செய்கின்றன. வீட்டுக்காரனைத் தின்றுவிட்டு வீட்டில் குடியிருக்கும் சாமர்த்தியம்! வளர்ந்தவற்றுக்கும் மரவட்டை, தேள், வண்டு, நத்தை என்று பூச்சிபொட்டுதான் முக்கிய ஆகாரம். மழைக்காலத்தில் வயிறு முட்டத் தின்று, சேர்த்த கொழுப்பில் கோடையில் காலம் தள்ளும்.

கண்ணாடித் தொட்டியில் கோடை ஏது? எலியைப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வெயில் காயும் இடத்தின் தரை 50 டிகிரி செல்சியஸ் அளவுக்காவது சுட்டால்தான் அதற்கு ஒழுங்காகச் செரிக்கும். பல தொட்டிகளில் அந்தச் சூடு இருப்பதில்லை. கொழுப்பு உள்ளுறுப்புகளைச் சுற்றிக்கொள்கிறது. தோண்ட மண் கிடைக்காத பெட்டை, முட்டையை உள்ளேயே தேக்கி வைத்துச் சாகிறது. நகர முடியாமல் மடியில் கிடக்கும் உடும்பைப் பார்த்து, பழகிவிட்டது என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். அந்தச் சாதுத்தனத்தில் பாதி வியாதி என்பதே என் எண்ணம். நண்பரின் உடும்பு சீறுவதற்காக அவர் ஏன் பெருமைப்பட்டார் என்பது இப்போது புரிகிறது.

நம் நாட்டு உடும்பை வீட்டில் வைத்திருப்பது குற்றம். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. ஆப்பிரிக்க உடும்பு பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. இந்திய அரசின் 2024 விதிகளின்படி அதை இங்கே வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்.

அதையெல்லாம் முறைப்படி செய்யத் தயார் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முதலில் பெட்டியைக் கட்டி மண்ணை நிரப்புங்கள். நாள்கணக்கில் மண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லையென்றால், குஞ்சை வாங்காதீர்கள்.