ஈஸ்டுக்கு வாய் இல்லையே, ஐயா!



நான் நாள்தோறும் ஏற்றிக்கொள்ளும் இன்சுலின் ஈஸ்டில் விளைந்தது. ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் இதனைக் கூறியபோது ஒரு மாணவி, "ஈஸ்டுக்கு வாய் இல்லையே, ஐயா. உள்ளே செய்த மருந்து எப்படி வெளியே வரும்?" என்று வினவினாள். நல்ல வினா!

உயிரணுவுக்குள் பல அறைகள் உண்டு. புரதத்தின் தொடக்கத்தில் அமைந்த சிறு தொடரே அதன் முகவரி. இதனை நிறுவிய குந்தர் புளோபெல் 1999-இல் நோபல் பரிசு பெற்றார். முகவரி பெற்ற புரதம் முதலில் உள்வலைக்குள் நுழையும். பின்னர்ச் சிறுபைகளில் ஏறிக் கோல்கியை அடையும். அங்கிருந்து சில வேக்குவோல் என்னும் அறைக்குப் பிரிந்து செல்லும். வேறு சில வெளிச்சவ்வை நோக்கிச் செல்லும். பை சவ்வோடு இணைந்ததும் சரக்கு வெளியே வந்துவிடும். வாய் தேவையில்லை.

இப்பாதையை இயக்கும் மரபணுக்களைக் கண்டறிய, பெர்க்லியில் ராண்டி செக்மனும் அவர்தம் மாணவர் பீட்டர் நோவிக்கும் பழுதுபட்ட ஈஸ்டுகளையே தேடினர். 25 பாகை வெப்பத்தில் ஒழுங்காக வாழ்ந்து, 37 பாகையில் புரதத்தை வெளியேற்ற இயலாது திணறும் வகைகள் அவை. 1979-இல் வெளியான முதல் வகையின் பெயர் செக்1. மின்னணு நுண்ணோக்கியில் அதன் உள்ளெங்கும் சிறுபைகள்! பெருநாளுக்கு முந்திய இரவின் நெடுஞ்சாலைக் கட்டணச் சாவடியைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

சரக்கு தேங்கத் தேங்க அணு பெருப்பதில்லை. அடர்த்தி மட்டுமே கூடுகிறது. ஆகவே, அடர்த்தி மிகுந்த அணுக்களைச் சுழற்றிப் பிரித்தெடுத்தனர். 1980-இல் 23 மரபணுக்கள் தெரியவந்தன. எது கெட்டால் சரக்கு எங்கே தேங்குகிறது என்று ஒப்பிட்டே பாதையின் வரிசையையும் அறிந்தனர். என்ன எளிமை!

இது ஈஸ்டின் தனிக்கதையன்று. ஜேம்ஸ் ராத்மன் குழுவினர் வெள்ளெலி அணுக்களில் கண்ட புரதம் ஒன்று, ஈஸ்டின் செக்18 மரபணு தரும் புரதத்தின் இணையே என்பது 1989-இல் தெளிவாயிற்று. செக்மன், ராத்மன், தாமஸ் சூதோஃப் மூவரும் 2013-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நலமான கணையமும் இத்தகைய பாதையில்தான் இன்சுலினைச் சுரக்கிறது. என் கணையம் போதிய அளவு தராததை ஈஸ்ட் தருகிறது.

அதற்கு ஓர் உபாயம் உண்டு. ஈஸ்ட் தன் இணையை அழைக்க வெளியிடும் ஆல்ஃபா காரணியின் முகவரித் தொடரையோ, அதனை ஒத்த ஒன்றையோ இன்சுலின் முன்வடிவத்தின் தலையில் இணைத்துவிடுகின்றனர். ஈஸ்டும் அதனைத் தன் சரக்கென்றே கொண்டு தொட்டிக்குள் வெளியேற்றுகிறது. பின்னர் அதனைப் பிரித்துத் தூய்மை செய்து புட்டியில் அடைக்கின்றனர்.