இலவசம் என்று எழுதினால் போதாது

‘யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்’ என்று கட்டுரையின் அடியில் ஒரு வரி எழுதிவிடுவது நல்ல மனசு. ஆனால் திருத்தலாமா, மொழிபெயர்க்கலாமா, அச்சிட்டு விற்கலாமா என்பதற்கெல்லாம் அந்த வரியில் பதில் இல்லை. பதிப்புரிமையோ எழுதிய கணமே தானாக வந்துவிடுகிறது. இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. அதனால்தான் கிரியேட்டிவ் காமன்ஸ் போன்ற தெளிவான உரிமம் தேவைப்படுகிறது. அதைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் ‘வணிக நோக்கமற்ற’ என்ற நிபந்தனையைச் சேர்த்துவிடுகிறார்கள். அது வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அந்த நிபந்தனை இருந்தால் உங்கள் உரையை விக்கிப்பீடியாவில் சேர்க்க முடியாது. தாள் செலவுக்குக் காசு வாங்கி நூலாக்கித் தரும் சிறு அச்சகம்கூட, இது வணிகமா இல்லையா என்ற குழப்பத்தில் ஒதுங்கிவிடும்.

யாரோ ஒருவர் நம் உழைப்பை விற்றுக் காசு பார்ப்பாரே என்ற ஆதங்கம் நியாயமானது. அதற்குத்தான் ‘அதேபோல் பகிர்தல்’ நிபந்தனை இருக்கிறது. விற்பவர் உங்கள் பெயரைச் சொல்லியாக வேண்டும். திருத்தி வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் விட வேண்டும். பூட்டுப் போட அவரால் முடியாது. விக்கிப்பீடியா 2009-இல் குனூ ஆவண உரிமத்திலிருந்து ‘அதேபோல் பகிர்தல்’ நிபந்தனை கொண்ட கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு மாறியது. பழைய உரிமத்தில் ஒரே ஒரு பக்கத்தை அச்சிட்டாலும் உரிம வாசகம் முழுவதையும் கூடவே அச்சிட வேண்டியிருந்தது. இன்னொன்று: ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. அதனால் பிறர் எடுத்த படங்கள் போல, உங்களுக்கு உரிமை இல்லாதவற்றை முதலிலேயே பிரித்து வையுங்கள்.