பெயர் வழங்காத் தசை

பல்லில் நோவு வந்தாற் பலர் முன்னிலையிற் சொல்கின்றோம். சலரோகம் கண்டவர் கலியாண வீட்டுப் பந்தியிலேயே தமக்குப் பாயசம் ஆகாதென்று பறைசாற்றுவார். நாரிப்பிடிப்பு வந்தவரோ தாம் பூசிய எண்ணெய்களின் பெயரையெல்லாம் அயல் வீட்டாருக்கு ஒப்புவிப்பார். ஆனால், ஆடவனொருவனுக்குச் சிறுநீரை அடக்க இயலாமற் போயினும், மனைவியுடன் கூடும் ஆற்றல் தளரினும், அவன் வாய் மூடிவிடுகின்றது. அவனுக்காகப் பேசுவன இலேகிய விளம்பரங்களே. அவை கையாளும் 'ஆண்மைக்குறைவு' என்ற சொல்லினும் கொடிய சொல்லொன்றை நாம் அறியோம். கால் முறிந்தவனை எவரும் மனிதத்தன்மை குறைந்தவன் என்பதில்லையே!

நாம் 31 ஆண்டுகள் தமிழ் கற்பித்தோம். உடலுறுப்புகளுக்கு நிகண்டுகள் வகுத்த பெயர்களை மாணவரைக் கொண்டு மனனஞ் செய்வித்தோம். எனினும், முன்புறத்து எலும்பிலிருந்து பின்புறத்து வாலெலும்பு வரை ஏணைச் சீலைபோலத் தொங்கி, சலப்பையையும் மலக்குடலையும் தாங்கிநிற்குந் தசைகளுக்கு வீட்டில் வழங்கும் பெயரொன்றேனும் எம்மிடம் இருக்கவில்லை. வைத்திய நூலார் அவற்றை இடுப்புத்தளத் தசைகள் என்பர். அச்சொல்லை நாம் முதன்முதற் கேட்டது 66ஆம் வயதில். புரொஸ்ரேற் சுரப்பியிற் புற்றுநோய் கண்டு, அதனைச் சத்திரசிகிச்சையால் அகற்றிய பின்னர்.

அச்சுரப்பி சலப்பையின் வாயிலில், சிறுநீர்க்குழாயைச் சூழ்ந்திருப்பது. அதனை முழுவதும் அகற்றும்போது சிறுநீரைத் தடுக்கும் ஏற்பாட்டின் மேற்பகுதி பழுதுபடுகின்றது. எஞ்சுவது கீழேயுள்ள சுருக்குத்தசையும் அதனைச் சூழ்ந்த இடுப்புத்தளமுமே. இரு வாயிற்காவலர் செய்த தொழிலை ஒருவரே செய்யவேண்டியதாகின்றது. விறைப்பை உண்டாக்கும் நரம்புகளும் அச்சுரப்பியை ஒட்டியே செல்கின்றன. வைத்தியர் அவற்றைக் காத்தாலும் அவை தெளிந்தெழ ஓராண்டோ ஈராண்டோ ஆகலாம். இவை யாவும் நாம் பின்னர் அறிந்தவை. எமக்குச் சிகிச்சை செய்த வைத்தியசாலையிற் புற்றுநோயைப்பற்றி விரிவாக விளக்கினர். இதனைப்பற்றியோ, "கொஞ்சக் காலம் சலம் கசியும்" என்ற ஒரே வாக்கியந்தான்.

குழாயை அகற்றிய நாள் முதல் இருமினாற் கசிவு, எழுந்தாற் கசிவு, பேரனைத் தூக்கினாற் கசிவு. கோயிலுக்குப் போவதை நிறுத்தினோம். வெள்ளை வேட்டியுடன் வீதி சுற்றுவது எங்ஙனம்? படுக்கையை முன் விறாந்தைக்கு மாற்றி, அறையில் வெக்கையென்று காரணங் கூறினோம். மனைவியார் ஒன்றும் வினவவில்லை. மூன்று கிழமை சென்றபின் ஓரிரவு, விளக்கை அணைத்துவிட்டு வந்து அருகில் அமர்ந்து, "இஞ்சாருங்கோ, வருத்தம் திரும்பி வந்திட்டுதோ? எனக்கு மறைக்கிறியளோ?" என்றார். விறாந்தையிற் படுப்பதற்குச் சாவைத் தவிர வேறொரு காரணம் அவருக்குத் தோன்றவில்லை.

அன்றிரவு எல்லாவற்றையுஞ் சொன்னோம். மறுநாட் காலை, வைத்தியசாலைக் கடுதாசிகளுக்குள் மடிந்துகிடந்த துண்டொன்றை அவரே தேடியெடுத்து எம் கையில் வைத்தார். இயன்மருத்துவப் பிரிவுக்குச் செல்லுமாறு அதில் எழுதியிருந்தது.

அங்கிருந்தவர் எம் கடைசி மகளினும் இளையவர். எமது தயக்கத்தைக் கண்டு, "ஐயா, தோள்மூட்டு வழுவி வந்திருந்தால் தோளைக் காட்ட மாட்டியளோ? இதுவும் தசைதான்" என்றார். "சரி பிள்ளை" என்பதற்கு மேல் எமக்குச் சொல் வரவில்லை. அடிவயிற்றின்மேல் ஒலியலைக் கருவியொன்றை வைத்து, அயலிலிருந்த திரையைப் பார்க்கச் சொன்னார். காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல இறுக்குமாறு கூறினார், இறுக்கினோம், திரையில் அசைவு மிகச் சிறிதே. பின்னர், ஆண்குறியை உள்ளிழுத்துக் குறுக்குவதாக எண்ணிக்கொள்ளச் சொன்னார். சலப்பையின் அடித்தளம் மெல்ல மேலெழுவதைக் கண்ணாரக் கண்டோம். அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் 2016இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனையே காட்டியுள்ளது. ஆடவர்க்கு எச்சொற்களால் அறிவுறுத்துகின்றோமோ அதற்கேற்ப வேலைசெய்யுந் தசையும் மாறுபடுகின்றது; சிறுநீர்க்குழாயைச் சுருக்குந் தசை நன்கு இயங்கியது 'குறுக்குதல்' என்ற சொல்லுக்கே. ஒரு வினைச்சொல்லின் வேறுபாடு உடம்பினுள்ளே புலப்படுவதைக் காண்பது தமிழாசிரியருக்கு வாய்க்கும் பேறுகளில் அரியது!

பயிற்சி எளிது, செய்யும் முறைதான் நுட்பமானது. மூச்சை அடக்கலாகாது, பிட்டமுந் தொடையும் இறுகலாகாது. படுத்தும் இருந்தும் நின்றும், நிலைக்கு மூன்று முறை வலிமையாக இறுக்கி, சில நொடி தாங்கி, முற்றாகத் தளரவிடவேண்டும். இதனைக் காலையும் மாலையுஞ் செய்யவேண்டும். இருமுமுன்னும் எழுமுன்னும் இறுக்கிக்கொள்ளவேண்டும். சிறுநீர் கழிக்கையில் நடுவே நிறுத்திப் பார்ப்பது தசை எதுவென அறிவதற்கு ஓரிருமுறை செய்யத்தக்கதேயன்றி, அதனையே பயிற்சியாகக் கொள்ளலாகாது.

இவ்வகைப் பயிற்சியை மேனாட்டு வைத்திய உலகிற் பரப்பியவர் அமெரிக்கரான ஆர்னோல்ட் கெகல். மகப்பேற்றினாற் தளர்ந்த தசைகளை வலுப்படுத்துவதுபற்றி அவர் 1948இல் எழுதிய கட்டுரையால் இது அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. மகளிர்க்கென்றே நெடுங்காலம் கருதப்பட்ட இது ஆடவரை வந்தடையப் பல்லாண்டுகள் சென்றன. பெல்ஜியத்து லூவன் நகரில் எம்போலச் சுரப்பி அகற்றப்பட்ட 102 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2000இல் வெளியாயிற்று. மூன்று மாதங்களிற் கசிவு நீங்கியோர், பயிற்சி பெற்றவருள் நூற்றுக்கு 88, பெறாதவருள் 56.

கசிவு ஒருபுறமிருக்க, இல்லறத்தைத் தொடும் மற்றைய காரியத்துக்கு வருவோம். ஆண்குறியின் அடிவேரை இடுப்புத்தளத்தைச் சேர்ந்த இரு சிறு தசைகள் தழுவியுள்ளன. அவை இறுகும்போது உள்ளே இரத்த அழுத்தம் உயர்கின்றது. வெளிச்செல்லும் நாளமும் நெருக்கப்படுகின்றது. அதனால் விறைப்பு நிலைக்கின்றது. இங்கிலாந்தின் இயன்மருத்துவர் கிரேஸ் டோரி என்ற அம்மையார் 2004இலும் 2005இலும் வெளியிட்ட ஆய்வில், விறைப்புத் தளர்ச்சியுற்ற 55 ஆடவர் பங்குபற்றினர். அவர்களது வாழ்க்கைப் பழக்கங்களுந் திருத்தப்பட்டன. ஆறு மாத முடிவில் நூற்றுக்கு 40 பேர் இயல்புநிலை எய்தினர், 34.5 பேர் ஓரளவு தேறினர், எஞ்சிய 25.5 பேருக்குப் பயனில்லை. இக்கடைசித் தொகையையும் மறவாது கூறியமையாலேயே அம்மையாரிடத்து எமக்கு மதிப்பு மிகுந்தது. இலேகியக்காரர் எவரும் அதனைக் கூறக் கேட்டிலோம். விரைந்து விந்து வெளியேறுங் குறைக்கும் உரோமாபுரி வைத்தியர்கள் இம்முறையைக் கையாண்டு, 40 பேரில் 33 பேர் 12 கிழமைகளிற் கட்டுப்பாடு பெற்றதாக 2014இல் எழுதினர். அது ஒப்பிடுதற்கு வேறு குழுவில்லாத சிறிய ஆய்வு. அந்த அளவுக்கே கொள்ளத்தக்கது.

இவற்றை நண்பர் ஒருவரிடஞ் சொன்னபோது, "இது நம்மவர் கண்ட மூலபந்தந்தானே!" என்று மார்தட்டினார். அடயோக நூல்கள் மூலபந்தத்தைக் கூறுவது உண்மையே. இறுக்கும் இடமும் அதுவே. ஆயின், அந்நூலார் நாடியது பிராணனை மேலெழுப்புதல். சலம் கசியுங் கிழவனுக்கு வேட்டி நனையாதிருத்தல் அவர் நோக்கமன்று. பெருமையைப் பங்கிடுமுன் வேலையைப் பார்ப்போம் என்றோம்.

இத்தசையை இறுக்கப் பழகுவது எல்லார்க்கும் பொருந்துவதன்று. எமக்குத் தெரிந்த நாற்பது வயதினர் ஒருவருக்கு இடுப்பின் அடியில் ஓயாத நோவு. கதிரையில் இருந்தால் எரிவு. மனைவியுடன் கூடியபின் இரண்டு நாள் வேதனை. சலத்திற் கிருமியில்லையென்று சோதனை கூறியும் கிருமிகொல்லி மருந்துகளை மாதக்கணக்கில் விழுங்கினார். இல்லறத்தில் அச்சம் புகுந்தது. மனைவியிடம் அணுகுவதையே விட்டார். யாரோ சொல்லக் கேட்டு இறுக்கும் பயிற்சியைத் தாமாகவே தொடங்க, நோவு இருமடங்காயிற்று. அவருடைய தசை தளர்ந்த தசையன்று; இரவும் பகலும் இறுகிய கைம்முட்டி போன்றது. அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் டேவிட் வைஸ், றொட்னி அன்டர்சன் என்னும் இருவர் இத்தகைய நோவுக்குத் தசையைத் தளர்த்துஞ் சிகிச்சையை வகுத்து, 2003இல் நூலாகவும் வெளியிட்டனர். எம் நண்பர்க்குக் கற்பித்தது வயிறு அசைய மூச்செடுக்கவும், மூச்சுக்கு மூச்சு அத்தசையை இறங்கவிடவுமே. இறுகிய முடிச்சுகளை இயன்மருத்துவர் கையாலும் நெகிழ்த்தினார். இறுக்குவதா, தளர்த்துவதா என்பதைச் சோதித்துப் பார்த்தவரே சொல்லவேண்டும். புத்தகத்தையோ எம்போன்ற எழுத்தாளரையோ நம்பித் தொடங்கலாகாது.

மற்றுமொன்று. விறைப்புத் தளர்ச்சி தசையால் மட்டும் வருவதன்று. சலரோகத்தாலும் இரத்தக்குழாய் ஒடுங்குவதாலும் வரலாம். இருதய நோய்க்குச் சில ஆண்டுகள் முன்னரே தோன்றும் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆகவே முதலிற் காணவேண்டியவர் வைத்தியரே. தூள் வாங்கி உண்டு காலங் கடத்துபவர் தம் இருதயம் அனுப்பிய தந்தியைப் பிரியாமலே எறிகின்றார்.

எமக்கு நான்காம் மாதத்திற் கசிவு நின்றது. தும்மும்போது மட்டும் எப்பொழுதாவது ஒரு துளி. விறைப்பு அவ்வளவு விரைவில் வரவில்லை. சுரப்பியை அகற்றியோர்க்கு அதனை இப்பயிற்சி மீட்டுத் தருமாவென்பதில் ஆராய்ச்சியாளர் இன்னும் ஒருமனப்படவில்லை. கூடும் வேளையிற் சிறுநீர் கசிவதும் இச்சிகிச்சையின் பின் வருவதே. அதனை மனைவியிடம் முன்கூட்டிச் சொல்லச் சொன்னவரும் அந்த இயன்மருத்துவரே. சொன்னோம். "பேரப்பிள்ளையளின்ர சீலை தோய்ச்ச எனக்கு இது பெரிய காரியமோ?" என்றார் மனைவியார். ஓராண்டுக்குப் பின், வைத்தியர் தந்த மாத்திரையின் துணையுடன், முன்போலன்றாயினும் எம்மிருவர்க்கும் போதுமானதொரு நிலை வந்தது. விறாந்தைக் கட்டிலை அதற்கு நெடுநாள் முன்னரே பேரனுக்குக் கொடுத்துவிட்டோம்.

பயிற்சியை விடவில்லை. நின்றுகொண்டு செய்யும் மூன்றையும் காலையிற் பேருந்துக்குக் காத்து நிற்கும்போதே முடித்துவிடுகின்றோம். அருகே நிற்பவர் இன்றைக்கு மழை வருமா என்று கேட்கின்றார். மூச்சை அடக்கலாகாதென்பது விதியாகையால், பதிலுஞ் சொல்லிவிடுகின்றோம்.