வாப்பா பார்த்த பந்தாட்டம்

தோல்வியும் சிலவேளை இனிக்கும் என்பதைக் கல்முனை சந்தாங்கேணி மைதானத்தில் அறிந்துகொண்டேன். 1978ஆம் ஆண்டு, மாரி தொடங்குமுன், எங்கள் கல்லூரிக்குப் பருவத்தின் இறுதி உதைபந்தாட்டம். “பந்து சோறு போடுமா?” என்று கடியும் வாப்பாவுக்குச் சொல்லாமலே ஆடச் சென்றேன்.

ஒரு கோலினால் பின்தங்கியிருந்தோம். கடைசி நிமிடத்தில் கிடைத்த தண்ட உதையைக் கம்பத்துக்கு வெளியே அடித்துவிட்டேன். தலை நிமிர்ந்தால், கூட்டத்தின் ஓரத்தில் வாப்பா! மருதமுனைத் தறியிலிருந்து எழுந்து வந்த அதே கோலம். நடுங்கிப்போனேன்.

“நல்லா ஓடினாய் மகன். வா, மஃரிபுக்கு நேரமாயிட்டு” என்றார்.

நவம்பர் 23இல் வீசிய சூறாவளி எங்கள் கூரையையும் தறியையும் கொண்டுபோயிற்று. மீண்டும் தறி நாட்டும்வரை வீட்டில் அரைப்பட்டினிதான். ஆயினும் பந்தைக் குறித்து வாப்பா பின்னர் ஒருநாளும் கடிந்ததில்லை.