பத்திரம் வீடு திரும்புமா?

கல்லாவியில் நாம் ஒரு வீடு கட்டினோம். அப்படிச் சொல்வது உலக வழக்கம். உண்மையில் கட்டியது வங்கிப் பணம். ஓசூர்த் தொழிற்சாலைச் சம்பளத்தை நம்பி, எட்டு ஆண்டுகளுக்கு முன் இருபது லட்சம் ரூபாய் கடன் பெற்றோம். பத்திரம் வங்கியில் குடியேறியது. நாம் வீட்டில் குடியேறினோம்.

சென்ற மாதம் நமக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. சங்கடம் வேறொன்றுமில்லை, கையில் பணம் வந்துவிட்டது! சிறுகச் சிறுகச் சேர்த்த வைப்புத் தொகை முதிர்ந்து எட்டு லட்சமாயிற்று.

"முழுவதையும் கடனில் கட்டிவிடப்பா" என்றார் அன்னையார். அவர் தகப்பனார் அடகு வைத்த மாந்தோப்பின் பத்திரம் லேவாதேவிக்காரரிடமிருந்து திரும்பி வரவேயில்லை. அந்தத் துயரம் எழுபத்து நான்காம் பிராயத்திலும் அவருக்கு ஆறவில்லை.

"அவசரப்படாதீங்க மாமா! பங்குச் சந்தையில் போட்டால் வட்டியைவிட அதிகம் கிடைக்கும்" என்றார் மைத்துனர். கிடைக்கலாம். ஆனால் கடன் வட்டி நிச்சயம். சந்தை லாபம் நிச்சயமன்று. ஊகத்தை நம்பி நிச்சயத்தைச் சுமக்க நமக்குத் துணிவு வரவில்லை.

அன்றிரவு கணக்குப் போட்டோம். வட்டி 8.5 சதவீதம், இருபது ஆண்டுத் தவணை, மாதம் ரூ. 17,356. எட்டு ஆண்டுகளில் நாம் செலுத்தியது ஏறக்குறைய 16.66 லட்சம். அசலில் குறைந்ததோ 4.36 லட்சமே! முதல் ஆண்டுகளில் தவணையின் பெரும்பகுதியை வட்டியே விழுங்கிவிடுகிறது. கடைசிவரை கட்டினால் மொத்தம் 41.65 லட்சம், அதாவது வாங்கியதைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

இந்த 'இரு மடங்கு' நமக்கு ஒரு பழைய விஷயத்தை நினைவூட்டிற்று. நம் ஜில்லாவின் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராயிருந்தபோது, 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. அசலைப்போல் இரு மடங்கு செலுத்திவிட்ட விவசாயியின் கடன் தீர்ந்துபோனதாக அது கருதிற்று. சம்பளக்காரராகிய நமக்கு அத்தகைய சட்டம் ஏது? நமக்கு நாமேதான் நிவாரணம் செய்துகொள்ள வேண்டும்.

அதற்குத் தடையும் இல்லை. மாறும் வட்டியுள்ள வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பவரிடம் அபராதம் வாங்கலாகாதென்று 2012-இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. புதிய வரிமுறையில் இருக்கும் நமக்கு, குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு வரிச் சலுகையும் கிடையாது.

ஆயினும் எட்டு லட்சத்தையும் கொட்டிவிடலாமா? மகளின் கல்லூரிப் படிப்பு வாசலில் நிற்கிறது. வேலையோ தொழிற்சாலை வேலை, அன்னையாருக்கோ வயதாகிறது. அவசரம் வந்தால் வீட்டுச் சுவரைப் பெயர்த்தெடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க முடியாது.

ஆகவே ஐந்து லட்சத்தைக் கடனில் கட்டினோம். மூன்று லட்சத்தை வைப்பில் நிறுத்தினோம். தவணைத் தொகையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கும்படி எழுதிக் கொடுத்தோம். வட்டி இப்படியே இருந்தால், மீதமிருந்த 144 மாதங்கள் 81 ஆகிவிடும்; வட்டியில் சுமார் ஆறு லட்சம் மிச்சம்.

"பத்திரம் எப்போது வரும்?" என்று கேட்டார் அன்னையார். கடன் தீர்ந்த முப்பது நாளில் திருப்பித் தரவேண்டும், தன்னால் தாமதமானால் வங்கி நாளொன்றுக்கு ரூ. 5,000 கொடுக்கவேண்டும் என்ற 2023-ஆம் ஆண்டு விதியைச் சொன்னோம்.

"கடன் எப்போது தீரும்?"

"ஆறே முக்கால் வருஷம் அம்மா."

அவர் விரல்விட்டு எண்ணினார். "அப்படியானால் அதுவரை நான் இருந்தாக வேண்டும்" என்றார்.

நம் கணக்கில் விட்டுப்போன வரவு அதுதான்.