வரப்பு அழிந்தாலும் நிலம் அழியாது

எல்லாப் புகழும் இறைவனுக்கே.

எட்டயபுரம் பாரதியார் பிறந்த ஊர் என்பதை நாடறியும். 5027 விருத்தப் பாக்களால் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் அவ்வூரிலேயே. அவ்வடக்கத்தலத்திற்கு இளமையில் நம்மை அழைத்துச் சென்றவர் நம் தமிழாசான். தம் இறுதி நாள்களில் அவர் விலாதத்துக் காண்டத்திற்குக் கூறிய விளக்கங்களைக் குரலாகப் பதிந்து ஒரு மடிக்கணினியில் வைத்திருந்தோம். அதனை நம் கையாலேயே இழந்து மீண்டும் பெற்ற வரலாறு மாணவச் செல்வங்களுக்குப் பயன்படக்கூடும்.

அக்கணினி, 2011ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் இல்லத்துப் பிள்ளைக்குக் கிடைத்தது. விண்டோஸ், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என இரு இயங்குதளங்கள் அதில் இருந்தன. ஆசானின் குரல் லினக்ஸ் பகுதியில் இருந்தது.

ஒருநாள் விண்டோஸில் இடம் போதவில்லை. வட்டின் பிரிவுகளைப் பார்த்தோம். எழுத்தும் பெயருமின்றிச் சில பிரிவுகள் தென்பட்டன. லினக்ஸின் பிரிவுகளை விண்டோஸ் அவ்வாறுதான் காட்டும் என்பதை அறியாமல், வீணாகக் கிடக்கும் இடமென்று எண்ணி அழித்துவிட்டோம். கணினியை மீண்டும் இயக்கியபோது, கருந்திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்னும் சொல் மட்டுமே நின்றது. இரு தளங்களையும் தொடங்கிவைக்கும் கிரப் நிரலின் பெரும்பகுதி, நாம் அழித்த பிரிவிலேயே இருந்திருக்கிறது! ஆசானின் குரலுக்கு வேறு படி நம்மிடம் இல்லை. அன்றிரவு உறக்கமும் இல்லை.

கரிசல் மண்ணில் பிறந்தோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். வட்டு ஒரு புஞ்சை, பிரிவுகள் வரப்புகள், பிரிவு அட்டவணை பட்டா. பட்டா கிழிந்தால் நிலம் மறைவதில்லை. விளைந்த கம்பும் பருத்தியும் அங்கேயே நிற்கும். ஆனால் வேறொருவர் புகுந்து உழுதுவிட்டால் மீட்பில்லை. ஆதலின் அவ்வட்டில் புதிதாக எதனையும் எழுதலாகாது.

கணினியறிந்த ஒரு பழைய மாணவர் உதவிக்கு வந்தார். பென்டிரைவிலிருந்து வேறொரு லினக்ஸை இயக்கி, முதலில் முழு வட்டையும் வெளிவட்டொன்றில் படியெடுத்தார். பின்னர் அப்படியின்மீது ‘டெஸ்ட்டிஸ்க்’ நிரலை ஏவினார். அது பழைய வரப்புகளின் தடங்களைக் கண்டு அட்டவணையை மீண்டும் எழுதியது.

அப்படியை மற்றொரு கணினியில் ‘விர்ச்சுவல்பாக்ஸ்’ வழியே மெய்நிகர்க் கணினியாகத் திறக்க முயன்றபோது அது மறுத்தது. செயலியின் மெய்நிகராக்க வசதி பயாஸில் அணைந்திருந்ததே காரணம். அதனை இயக்கியபின் தொடங்கியது, எனினும் ஊர்ந்தது. நினைவகத்தின் பெரும்பங்கை விருந்தாளிக்கே அளித்து வீட்டுக்காரரைப் பட்டினியிட்டிருந்தோம்! பாதிக்கும் குறைவாகக் கொடுத்தவுடன் இரண்டும் இணக்கமாயின. திரைக்குள் ஒரு திரையாகப் பாஸ் லினக்ஸ் விரிந்தது, கோப்பைத் திறந்தோம். “பிள்ளைகளே, கவனியுங்கள்” என்று ஆசான் தொடங்கினார். நம் கண்கள் நனைந்தன.

சீறாவை ஓலையிலிருந்து ஓலைக்குப் படியெடுத்தோர் பலர் இருந்தமையாலன்றோ அது நம்மை வந்தடைந்தது! ஒரு படியை மட்டும் நம்பியது நம் பிழை. இன்று அக்குரல் மூன்று இடங்களில் உள்ளது. பெயரில்லாததைப் பயனற்றதென்று அழிக்காதீர். அரியதை ஓரிடத்தில் மட்டும் வையாதீர். வல்ல இறைவன் நம் ஆசான்மார் அனைவருக்கும் அருள்புரிவானாக!